வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு

கம்ப்யூட்டருக்கு ராகு காலம் சொல்லிக்கொடுத்தவள் இந்த உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று யோகலட்சுமி அடிக்கடி நினைப்பாள். நினைக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

அவள் வேலை பார்த்தது கோவில்பட்டியில், சுந்தரபாண்டியன் அண்ணாச்சியின் பில்லிங் ஆபீசில். தீப்பெட்டி, கடலைமிட்டாய், பருப்பு என்று ஊரிலிருந்து எந்தச் சரக்கு லாரி ஏறினாலும் அதற்கு இ-வே பில் என்ற அரசாங்கச் சீட்டு வேண்டும். பில் நம்பர் டிரைவர் போனுக்கு வராமல் வண்டி கிளம்ப முடியாது. சரக்கு முதலாளிமார்கள் தங்கள் லோடு விவரத்தை அனுப்பிவிடுவார்கள். அத்தனையையும் வாரிச் சேர்த்து, கட்டுக் கட்டாக அரசாங்க சர்வருக்குள் தள்ளி, வருகிற நம்பர்களை டிரைவர்களுக்கு அனுப்பிவைக்கும் புரோகிராமை எழுதியவள் யோகலட்சுமி. அவள் வருவதற்கு முன்னால் ஒரு கூட்டமே உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்த வேலை அது.

சர்வருக்கு ஒரு குணம் உண்டு. மூச்சு விடாமல் தள்ளினால் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அதனால் ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவில் சில விநாடி சும்மா நிற்கும்படி அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். ஆபீசில் அதற்கு ‘வெயிட்’ என்று பெயர். ஒருநாள் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த அண்ணாச்சி, திரை ஏன் இப்படி நின்று நின்று ஓடுகிறது என்று கேட்டார். வெயிட் போட்டிருக்கிறேன் என்று இவளும் வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தாள். அன்றைக்கே அந்த வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம்.

“அப்ப நாம சொல்லுத நேரம் வரைக்கும் அது நிக்குமா?”

“நிக்கும் அண்ணாச்சி.”

“ஒன்னரை மணி நேரம் நிக்கச் சொன்னா?”

“ஒரு வருசம் நிக்கச் சொன்னாலும் நிக்கும்.”

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப ராகு காலத்துல நிக்கச் சொல்லிரும்மா. எத்தனையோ நாளா எனக்கு உறுத்தலு. நல்ல சரக்கை நேரங்கெட்ட நேரத்துல அனுப்புதோமேன்னு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு யோகலட்சுமி தட்ட ஆரம்பித்தாள். திங்கள் ஏழரை ஒன்பது, சனி ஒன்பது பத்தரை, வெள்ளி பத்தரை பன்னிரண்டு என்று ஏழு நாளையும் மடமடவென்று போட்டு முடித்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்த அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார்.

“காலண்டரைப் பாக்காமலே போட்டுட்டியே! இந்தக் காலத்துப் பிள்ளையள்ல யாருக்கு இது தெரியும்?”

தெரியாமல் எப்படி இருக்கும்? புதூர்ப் பக்கம் அவள் வீட்டில் ஆட்டுப்பட்டியின் படலைத் திறப்பதே அந்தக் கணக்கில்தான். அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை, அப்பா மாயகிருஷ்ணன் கிடாக்குட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எட்டயபுரம் சந்தைக்குக் கிளம்பினார். ராகு காலம் போகட்டும் என்று அம்மா முத்துத்தாய் வாசலில் நின்று மறித்தாள். சந்தை கலைந்துவிடும் என்று அவர் கேட்கவில்லை. கண்மாய்க் கரைத் திருப்பத்தில் வண்டி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு அவர் ஆட்டுக்குப் பின்னால் நடக்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து குட்டிகளுக்குக் குழை போடுவதோடு சரி. ஆட்டோக்காரன் முதல் நாள் முழுக்கத் தூங்காமல் வண்டி ஓட்டியவன் என்பது ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு மட்டும் அது பொருட்டே இல்லை. எப்போது கிளம்பினார் என்பதுதான் அவளுக்குக் கணக்கு.

படித்த யோகலட்சுமிக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். அம்மாவிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

ராகு காலத்தோடு அண்ணாச்சி நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எமகண்டம் வந்தது. பிறகு குளிகை வந்தது. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் பெரிய லோடுகளைப் பிடித்து வைத்திருந்து குளிகையில் விட வேண்டும் என்றார். ‘நல்ல நேரத்துப் பில்லு’ என்று ஊரில் பேச்சுக் கிளம்பி, மற்ற ஆபீசில் இருந்த முதலாளிமார்களெல்லாம் இங்கே வந்து விழுந்தார்கள். அவரவர் ராசிக்குச் சந்திராஷ்டமம் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்க, அதையும் யோகலட்சுமி எழுதினாள். ஒரு வெயிட்டுக்குள் இன்னொரு வெயிட், அதற்குள் மற்றொன்று. கடைசியில் அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தால் அவளைத் தவிர யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. அங்கேதான் அவள் வசமாக மாட்டிக்கொண்டாள்.

வேலைக்குச் சேரும்போது டிகிரி சர்டிபிகேட்டையும் மார்க் ஷீட்டுகளையும் அண்ணாச்சி வாங்கி பீரோவில் வைத்திருந்தார். இங்கே சின்னச் சின்ன ஆபீஸ்களில் அதுதான் வழக்கம். “எங்கிட்ட பத்திரமா இருக்கும்மா” என்றார். பத்திரமாகத்தான் இருந்தது. சாவி அவர் அரைஞாணில் தொங்கியது.

மதுரையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரிஜினல்களோடு வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அங்கிருந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். இந்தக் காரியம் நடந்தால் யோகலட்சுமி நிஜமான புரோகிராம் எழுதலாம். நடக்காவிட்டால் ஆயுசுக்கும் சந்திராஷ்டமம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திங்கள்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கேட்டாள். அண்ணாச்சி கோபப்படவில்லை. கடம்பூர் போளிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

“தாராளமாப் போம்மா, நீ நல்லா இருக்கணும். ஆனா இப்பக் குளிகை நடக்குது. குளிகையில ஒரு ஆளை அனுப்பினா ஆளு போய்க்கிட்டேல்லா இருக்கும்? நாளைக்குப் பாப்போம்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை, செவ்வாயில் எதையும் வெளியே கொடுக்க மாட்டார். புதன்கிழமை அவர் ஓய்வாக உட்கார்ந்த நேரம் பார்த்துப் போனால் ராகு காலம். வியாழக்கிழமை சாயங்காலம் எந்தத் தடையும் இல்லாத நேரமாகக் கணக்குப் பண்ணி, நேரே போய் நின்றாள். அண்ணாச்சி சாமி படத்துக்கு அப்போதுதான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினார்.

“விளக்கு வச்ச பெறகு பீரோவத் திறந்து ஒண்ணை வெளிய குடுக்கலாமாம்மா? நீயே சொல்லு.”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி. நாளைக்கும் குடுக்க மாட்டீங்க. நான் எப்பத்தான் போகுதது?”

“நேரம் வரும்மா. நேரம் வந்தா யாரு நிறுத்த முடியும்?”

அந்த மனிதர் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். ஒவ்வொன்றையும் மனசார நம்பித்தான் சொன்னார். அதே சமயம் ஒவ்வொன்றும் அவருக்கு வசதியாகவும் இருந்தது. தான் எழுதிய வெயிட்டுக்குள் தன்னையே உட்கார வைத்துவிட்டார்கள் என்று யோகலட்சுமிக்குப் பட்டது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இதற்கிடையில் புதன்கிழமை இன்னொன்று நடந்திருந்தது. போன மாதம் அண்ணாச்சியின் சந்திராஷ்டமத்தில் கிளம்பிய லாரி கயத்தாறு பக்கம் அச்சு முறிந்து நின்றதாம். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“என் ராசிக்கும் போட்டுரும்மா. ஆபீசு முழுசுக்கும்.”

“அப்ப வர்ற வெள்ளி, சனி ஒரு பில்லும் போகாதே அண்ணாச்சி? ரெண்டே கால் நாளு எல்லாம் நிக்கும்.”

“நிக்கட்டும்மா. நின்னு போனா என்ன?”

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. போட்டுக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் துணிப்பையோடுதான் ஆபீசுக்கு வந்தாள். ஏன் எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து நாற்காலி பானு பையைப் பார்த்துவிட்டுத் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையில் லோடுகள் வரிசையாக வந்து சேர்ந்தன. ஒன்றும் நகரவில்லை. ‘காத்திருக்கிறது’ என்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆபீசுக்குப் பின்னால் வேலியில்லாத ஒரு கரிசல் காடு. லாரிகள் அங்கேதான் நிற்கும். ஐப்பசி மாசம், கிழக்கே எட்டயபுரம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பத்தரைக்குப் பிறகு டிரைவர் வெயிலுமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“அண்ணாச்சி, காலையில இருந்து போனைப் பாத்துக்கிட்டே இருக்கோம், நம்பரு வரல. மேகம் கூடிட்டு. இந்த மண்ணுல ஒரு மழை விழுந்துச்சுன்னா சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிரும். பெறகு பொங்கலுக்குத்தான் வண்டியை எடுக்கணும். தெரியுமில்ல?”

அண்ணாச்சிக்குத் தெரியாதா! கரிசல் காய்ந்து கிடக்கும்போது கல். நனைந்துவிட்டால் பிடித்த காலை விடாது. லாரி நிறையத் தீப்பெட்டி வேறு. போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்தன. சந்திராஷ்டமம் பார்க்கச் சொன்ன அதே முதலாளிமார்கள் இப்போது வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கையால் அடி என்று அண்ணாச்சி பானுவை விரட்டினார். ஒவ்வொரு பில்லுக்கும் முதலாளி போனுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கி அவள் அடிப்பதற்குள் மழை வந்து போய்விடும். ஜன்னல் கம்பி வழியே முதல் தூறல் மேசையில் விழுந்தது.

“யோகா, அந்த வெயிட்டை எடுத்து விடும்மா. எல்லாத்தையும் எடுத்துரு.”

யோகலட்சுமி கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ராகு காலம் நடக்குதே அண்ணாச்சி.”

“அட, இப்பப் போய் ராகு காலமும் கீகாலமும்! வண்டி புதைஞ்சு போகப்போகுதும்மா. எடு.”

“வண்டிக்குப் பாக்க வேண்டாம். எனக்கு மட்டும் பாக்கணுமா?”

வெயிலுமுத்து அவளையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். தூறல் தகரக் கூரையில் சடசடத்தது. இப்படி ஒருவர் கழுத்தில் கத்தி வைத்துப் பேச வேண்டியிருக்கிறதே என்று யோகலட்சுமிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. இந்த வாய்ப்பும் போனால் வேறு வாய்ப்பு இல்லை.

“வெள்ளிக்கிழமைம்மா…” என்றார் அண்ணாச்சி. குரல் கெஞ்சியது.

“தெரியும் அண்ணாச்சி.”

அவர் எழுந்து போனார். சாவி சத்தம் கேட்டது. பழுப்புக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து, அவள் நீட்டிய கையில் கொடுக்காமல், மேசையின் ஓரத்தில் வைத்தார்.

“நான் குடுக்கல. இங்கன வச்சிருக்கேன். நீயா எடுத்துக்க.”

அவள் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. கவரைத் துணிப்பைக்குள் செருகிவிட்டு, ராகுவை எடுத்தாள், எமகண்டத்தை எடுத்தாள், குளிகையை, பன்னிரண்டு ராசியின் சந்திராஷ்டமத்தை, எல்லாவற்றையும் எடுத்து எறிந்தாள். ஆதியில் போட்ட அந்தச் சில விநாடி வெயிட் மட்டும் மிஞ்சியது. ஓடவிட்டாள். முதல் கட்டு போய் விழுந்தது. அப்புறம் அந்தச் சில விநாடி; யாரும் மூச்சு விடவில்லை. அடுத்த கட்டு. வெயிலுமுத்துவின் சட்டைப் பையில் போன் கிணுகிணுத்ததும் மனிதர் ஓட்டமாக ஓடினார். பின்பக்கம் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமின. சக்கரத்தில் அப்பிய கறுப்பு மண்ணோடு லாரிகள் ரோட்டில் ஏறின.

கடைசி லாரியும் போன பிறகு யோகலட்சுமி பையைத் தோளில் மாட்டினாள். பானு அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு விட்டாள்.

“இப்பப் போகாதம்மா” என்றார் அண்ணாச்சி. கோபம் துளியும் இல்லை. “பன்னெண்டு தாண்டிப் போ. மனசாரச் சொல்லுதேன். சரக்கு போனா சரக்கு. நீ பொம்பளப் பிள்ளை.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு வாய் விட்டுச் சிரித்தாள். “வாரேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கி ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் தயாராக நின்றது. ஜன்னலோரத்தில்கூட இடம் இருந்தது. நேரே போய்ப் படியில் கால் வைத்தாள். வைத்த கால் அங்கேயே நின்றது.

தரையில் இருந்த மற்ற கால் வர மாட்டேன் என்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. வெள்ளி, பத்தரை பன்னிரண்டு. யாரும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஆனால் உடம்பு முழுக்க அது ஓடியது. வாசலில் கையை விரித்து மறித்த அம்மா, கண்மாய்க் கரை, கட்டிலில் அப்பாவின் சூம்பிய கால். பன்னிரண்டுக்கு மேல் கிளம்பும் பஸ்ஸில் போனால் என்ன என்று தோன்றியது. அந்த பஸ் இரண்டு மணிக்குள் போய்ச் சேராது என்றும் தெரிந்தது. ஒதுங்கி நின்று, ஏற வந்தவர்களுக்கு வழி விட்டாள்.

“ஏறுதியளா இல்லையா?” என்றார் கண்டக்டர். “எடுக்கப் போறோம்.”

“ஒரு நிமிசம் அண்ணாச்சி.”

போன் அடித்தது. சுந்தரபாண்டியன் அண்ணாச்சி.

“என்னம்மா, ஸ்டாண்டுலதான நிக்குத?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பஸ் ஏறிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். பன்னெண்டு ஆகலேல்லா. ஏழு நாளுக்கும் காலண்டர் பாக்காம போட்ட பிள்ளையில்ல நீ!” அவர் குரலில் பாசம்தான் இருந்தது. “அதுவரைக்கும் அங்கன சும்மாத்தான உக்காந்திருப்ப? ஆட்டோ அனுப்புதேன். வந்து அந்த வெயிட்டை எல்லாம் திரும்பப் போட்டுக் குடுத்துட்டுப் போயிரும்மா. உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?”

ஆத்திரமும் பயமும் ஒன்றாகப் பொங்கி அவளுக்குக் கண்ணை மறைத்தது. அந்த ஆட்டோவில் ஏறினால் அவ்வளவுதான். விளக்கு வைக்கும் நேரம் வரும், சனிக்கிழமை வரும், போளிப் பொட்டலம் வரும். போனை அணைத்தாள். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. கம்பியைப் பிடித்துத் தொற்றினாள். கண்டக்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வாய் நிறையத் திட்டினார்.

தைரியம் வந்து ஏறினாள் என்று யாராவது சொன்னால் அது பொய். பயந்துகொண்டேதான் ஏறினாள், பயந்துகொண்டேதான் போனாள். எதிரே ஒவ்வொரு லாரி வரும்போதும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். டிரைவர் கொட்டாவி விடுகிறாரா என்று கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் பையும் அதற்குள் கவரும் இருந்தன. நான்கு வழிச்சாலையின் இரண்டு பக்கமும் கரிசல் நனைந்து கறுத்துக் கிடந்தது.

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது அம்மா கூப்பிட்டாள். பின்னணியில் ஆடுகள் கத்தின.

“ஏட்டி, மதுரைக்குப் போகுத அன்னைக்கு போன் போடுதேன்னு சொன்னியே. அந்தத் தாளெல்லாம் குடுத்துட்டாகளா?”

“குடுத்துட்டாகம்மா.”

“இப்ப எங்கட்டி இருக்க?”

யோகலட்சுமி போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஹார்ன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“ஸ்டாண்டுலதாம்மா. பன்னெண்டு ஆகட்டும்னு உக்காந்திருக்கேன்.”

“அதான பாத்தேன்” என்றாள் முத்துத்தாய், நிம்மதியாக. “எம்பிள்ளை கெட்ட நேரத்துல கெளம்பாதுன்னு இப்பத்தான் உங்கப்பாட்ட சொன்னேன்.”